நானே போட்ட கேள்விக்குறி

பஸ்ஸில் யாராவது "நானா" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. கண்டி மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவன் நான். தெருவில் எனக்குப் பெயர் அண்ணே, வேலை செய்கிற இடத்தில் ஐயா. நானா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரனைக் கூப்பிடும் சொல். கண்டியில் தமிழ் பேசுகிற எவருக்கும் இது தெரியும். எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்படியிருந்தும் ஒரு நாள் அந்தச் சொல்லை நான் தப்பாகப் படித்தேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை.

ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் தொழில். கலியாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைப் பை, எது அச்சுக்குப் போனாலும் முதலில் என் மேசைக்கு வரும். அந்த வேலை என் குணத்தையே கெடுத்துவிட்டது. கேள்வி கேட்டுவிட்டுக் கேள்விக்குறி போடாதவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சோத்துல கல்லு கெடந்தா பேசாம ஒதுக்கி வச்சுட்டுத் திங்கிறீங்க. எழுத்துல கெடந்தா மட்டும் ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்பாள்.

நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் எங்கள் குரூப் தொடங்கியது. பிலிமத்தலாவை ரோட்டில் ஒரு பெற்றோல் செட். அங்கே பெற்றோல் ஏற்றிவரும் பவுசர் வந்தால் ஒருவருக்கொருவர் செய்தி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய வாகனத்தை வைத்தே நம்பரைப் பதிந்துகொண்டோம். என் போனில் ஒருவர் நீல ஸ்கூட்டர், ஒருவர் வெள்ளைக் கார். நான் அவர்களுக்குச் சிவப்பு பைக். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் குரூப்பைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வரிசையில் நின்று நின்று வளர்த்த பேச்சு, போனுக்குள் தொடர்ந்தது.

எதைத்தான் விட்டோம்? இந்த முறை எலெக்‌ஷனில் யாருக்குப் புள்ளடி போடுவது, பள்ளிப் பிள்ளைக்குப் போன் கொடுக்கலாமா, அரசியல்வாதியின் குரலைப் போலவே மெஷின் பேசுகிறதே, இனி எதை நம்புவது, பஸ்ஸில் தூங்குவது போல நடித்து இடம் கொடுக்காமல் வருவது பாவமா என்று தினமும் ஏதாவது ஓடும். வெள்ளைக் கார் யாழ்ப்பாணத்து அம்மா, பேராதனையில் படிப்பிக்கிறவர். ஒரு தடவை நான் "வாங்க டீச்சர், பேசுவோம்" என்று எழுதினேன். "ஏன் பேசுவான்? ஆறுதலாக் கதைப்பமே" என்று பதில் போட்டார். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நீல ஸ்கூட்டர் கெலிஓயாக்காரர். போன் திருத்தும் சிறிய கடை வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். கலியாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாக இருந்த வாப்பாவை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதலில் ஆளைக் கூப்பிடும் சொல்லை மட்டும் தனியாக அனுப்புவார். "அண்ணே" என்று வரும். பிறகு நான் பார்த்துவிட்டேனா என்று காத்திருப்பார். பார்த்தது தெரிந்த பிறகுதான் விஷயம் வரும். குறி ஒன்றும் இருக்காது, புள்ளிகூட இருக்காது.

"அண்ணேன்னு சொல்லிட்டு எங்க ஓடுறீங்க? ஒரே வரியில எழுதுங்களேன்" என்று ஏசுவேன்.

"கதவத் தட்டிட்டுத்தானே அண்ணே உள்ளுக்கு வரணும்" என்பார்.

அந்தப் பதிலுக்கும் புள்ளி இருக்காது. நான் வேண்டுமென்றே ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்பி வைப்பேன். அவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போடுவார். எனக்கு அந்த மனுசனைப் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு சமயம் கடையொன்றில் பால்மா பக்கெட்டைச் சேலைக்குள் மறைத்த ஒரு பெண்ணின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் குரூப்புக்கும் வந்தது. அதை மற்றவர்களுக்கு அனுப்பலாமா கூடாதா என்று இரண்டு நாள் வாதம் நடந்தது. களவு களவுதானே என்றார்கள் பலர். நீல ஸ்கூட்டர் மட்டும், "அவட புள்ளைகளும் போன் பாக்குங்களே நாலு பேருக்கு முன்னுக்கு சொல்ல முந்தி தனியா ஒருக்கா கேட்டா என்ன" என்று எழுதினார். நான் அவர் பக்கம் நின்றேன். நீளமாக, ஒரு பிழையும் இல்லாமல், பத்தி பிரித்து ஆதரித்து எழுதினேன். டீச்சர்கூட "ஓம், சரியாச் சொன்னீங்கள்" என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குக் கொஞ்சக் காலத்துக்குப் பின், அச்சகத்தில் பிழை திருத்த ஒரு மெஷின் வரப் போவதாகப் பேச்சு அடிபட்டது. இத்தனை வருசம் செய்த வேலை, வேறு வேலை தெரியாது. அந்த எரிச்சலில் குரூப்பில் எழுதினேன்: "எங்கள் முதலாளி மெஷினை வாங்கி என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். ஒற்று எங்கே மிகும் என்று மெஷினுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். மூன்று நாளாக விடாமல் மழை. கூரைத் தகரத்தில் அது விழுகிற சத்தத்துக்கு மேலாக, என் வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொல்லிக் காட்டினார். "ஒற்று எனக்குத் தெரியாதுதான். ஆள் யாருன்னு தெரியும்" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போகிறது என்று அவர் சொல்லவில்லை. போகாது என்றும் சொல்லவில்லை.

மேசைக்கு வந்து போனை எடுத்தேன். யார் காட்டிக் கொடுத்தது? இரண்டு நாளுக்கு முன்தான் முதலாளியின் போன் திரை உடைந்து திருத்தப் போயிருந்தது. எங்கே? கெலிஓயாவில். நான்தான் அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. தனியாக ஒருக்கா கேட்கவும் இல்லை. குரூப்பில் போட்டேன்: "நான் இங்கே எழுதினதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து என் முதலாளிக்குக் காட்டின ஆள் யார்? போன் திருத்துற சாக்கில் வேலையைக் காட்டினது யார்?"

பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கியது. அப்போது பகல் இரண்டு மணி. பிறகு நீல ஸ்கூட்டரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"நானா"

அவ்வளவுதான். குறி ஒன்றும் இல்லை.

"யார், நானா?" என்று கேட்கிறார், நடிக்கிறார் என்று எனக்கு உச்சியில் ஏறியது. உடனே எழுதினேன்: "ஆமா, நீங்கதான். கேள்விக்குறி போட மறந்துட்டீங்க, நானே போட்டுக்கிட்டேன்."

சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஏழு வரைக்கும் எண்ணினேன். அந்த அவமானத்தின் நடுவே எனக்கு அது இதமாக இருந்தது. நீல ஸ்கூட்டர் என் பதிலைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. அவர் பதில் எழுதவில்லை. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அன்று காலை நானே குரூப்பில் இன்னொன்றும் எழுதியிருந்தேன். எங்கள் அச்சகத்து லொறி கார்டுகளை இறக்கப் போய்க் கெலிஓயாவில் நிற்கிறது, தாழ்வான ரோட்டில் தண்ணீர், டிரைவர் மேட்டுக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறான் என்று. எழுதிவிட்டு மறந்துபோனேன். நீல ஸ்கூட்டர் மறக்கவில்லை.

மறுநாள் டீச்சர் போன் எடுத்தார். குரூப்பில் எழுதாமல் அவர் என்னிடம் நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை. "கெலிஓயாப் பெடியன்ர வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுதாம். தகப்பனை ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம். உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு மறுநாள் வாப்பா மௌத், இறந்துவிட்டார் என்று குரூப்பில் செய்தி வந்தது. அதை அனுப்பியது அவருடைய ராத்தா, மூத்த சகோதரி.

தண்ணீர் வடிந்து ரோட் திறந்ததும் போனேன். ஆற்றுப் பக்கத்துச் சந்துக்குள் வீடு. சுவரில் நெஞ்சளவுக்குச் சேற்றுக் கோடு. கதிரைகள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் என்னைக் கண்டதும் எழுந்து ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்கார முடியவில்லை.

"அன்னைக்கு நீங்க எழுதினது..." என்று தொடங்கினேன்.

"கேள்வி இல்ல அண்ணே," என்றார். "ஒங்களக் கூப்பிட்டது."

போன் கோல் ஒன்றும் போகவில்லையாம். மெசேஜ் மட்டும் ஒன்று போகும், ஒன்று போகாது. அந்த நேரம் தண்ணீர் வாசல்படியில்தான் நின்றதாம். லொறியை வாசல் வரைக்கும் அனுப்பச் சொன்னால் வாப்பாவைப் படுக்கையோடு தூக்கி ஏற்றிவிடலாம் என்று நினைத்தாராம். நான் அதற்கு முன் எழுதியிருந்த குற்றச்சாட்டை அவர் படிக்கவேயில்லை. என் பதிலைக் கண்ட பிறகுதான் போனில் மேலே தள்ளிப் படித்தாராம்.

"அதுக்குப் பொறகாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே" என்றேன். இப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சிக்கிட்டு ஈந்தாங்களே அண்ணே. அதுக்குள்ள எப்பிடிக் கேக்குற? ஒரு அரை மணித்தியாலம் யோசிச்சிட்டேன். பொறகு எழுதினேன். அது போகல்ல."

அந்த அரை மணித்தியாலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கட்டிலைத் தனியாக உயர்த்த அவருக்கு ஏலாமல் போனது. பக்கத்து ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் வாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மேசை மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார். இருவரும் நனைந்து போனார்கள். வாப்பாவின் நெஞ்சு அந்தக் குளிரைத் தாங்கவில்லை. எங்கள் டிரைவர் அப்போதும் மேட்டுக் கடையில்தான் இருந்தான். அங்கிருந்து இந்தச் சந்துக்கு நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. திரும்பும்போது நான் நடந்து பார்த்தேன்.

போவதற்கு முன் ஒன்று கேட்டேன். "எப்பவும் அண்ணேன்னுதானே கூப்பிடுவீங்க. அன்னைக்கு மட்டும் ஏன்?"

அவர் சுவரிலிருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தார். "தெரியா. எனக்கு ஊட்டுல நானா இல்ல, ரெண்டும் ராத்தாமார். அந்த நேரம் வாயில அதுதான் வந்திச்சு" என்றார்.

பிறகு உள்ளே போய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். பரவாயில்லை அண்ணே என்றார். அவர் என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

ஸ்கிரீன்ஷொட் யாரும் எடுக்கவில்லை. குரூப்பில் வாயே திறக்காத ஒரு நம்பர் இருந்தது, ஏதோ ஒரு பாலத்தின் படம் போட்ட நம்பர். அது முதலாளியின் இரண்டாவது போன். "நானும் அந்தக் கியூவுல நின்னவன்தானே" என்று அவரே ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். மெஷினும் வரவில்லை. என் வேலை அப்படியே இருக்கிறது. இதைக் குரூப்பில் எழுதி, எல்லோருக்கும் முன்னால் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். சிரித்த ஏழு பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை.

குரூப் இன்னும் ஓடுகிறது. அரசியல், மெஷின், நல்லது கெட்டது எல்லாம் பேசுகிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. முஸ்லிம் கலியாணக் கார்டு ஒன்று மேசைக்கு வந்தால், நானா என்ற சொல் இருக்கிறதா என்று கண் முதலில் தேடுகிறது. என்னை அறியாமல் பேனா அதன் பின்னால் போய் நிற்கிறது. ஒன்றும் போடாமல் பேனாவை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

நீல ஸ்கூட்டரும் குரூப்பில் இருக்கிறார். பெருநாளுக்கு எனக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போது அவர் சொல்லைத் தனியாக அனுப்புவதில்லை, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதும் இல்லை. போன கிழமை எனக்கு எழுதினார்:

"அண்ணன், நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? மழை கூடுதலாகப் பெய்கிறது. கவனமாக இருங்கள்."

கமா இருந்தது. கேள்விக்குறி இருந்தது. இரண்டு முற்றுப்புள்ளிகளும் வைக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மூன்று தடவை படித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.