சீட்டுக்காசைப் பாதியாகப் பிரித்தேன்

புத்தளத்தில் நாங்கள் இருக்கும் தில்லையடியில் சேமிப்பைப் பற்றிப் பேசாத பெண்களை நான் கண்டதில்லை. சேமித்தவர்களையும் அவ்வளவாகக் கண்டதில்லை. பின்னேரத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். வங்கியில் போட்டால் வட்டி வரும், அது ஹராம். நகை வாங்கினால் செய்கூலி போகும், விற்கப் போனால் விலையைக் குறைப்பார்கள். வீட்டில் வைத்தால் யாராவது கைமாற்றுக் கேட்டு வருவார்கள், இல்லையென்று சொல்ல முகம் வராது. கடைசியில் சீட்டுத்தான் நல்லது என்று முடிப்போம். அடுத்த நாள் அதையே முதலிலிருந்து பேசுவோம். எனக்கு அலுப்பாக இருக்கும். ஆனாலும் போய் உட்காருவேன்.

நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அடுத்த வீட்டுப் பெண் பிடித்த சீட்டில் நானும் ஒருத்தி. பதினைந்து பேர், மாதம் ஐயாயிரம். ராத்தா புத்தளத்திலேயே பிறந்தவர். நாங்களோ யுத்தத்தில் மன்னார்ப் பக்கமிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். முகாமில் கிடந்து, பிறகு ஒரு துண்டுக் காணி வாங்கி, இரண்டு அறைக்குக் கல்லுச் சுவர் எழுப்பியிருந்தோம். மேலே மட்டும் உக்கிப்போன தென்னோலைக் கிடுகு. குலுக்கியபோது எட்டாவது சீட்டு எனக்கு விழுந்தது. மாரிக்கு முன்னால் இரண்டு அறைக்கும் தகரம் போட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்தேன். மகளுக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஆட்களிடம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். கூரையில்லாததை யார் வீடென்று ஒப்புக்கொள்வார்கள்?

யுத்தம் முடிந்து, ஊருக்குத் திரும்பலாம் என்று ஆகியிருந்த நேரம் அது. உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த என் கணவர், லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஊருக்குப் போய் எங்கள் பழைய வீடு நின்ற வளவில் காடு வெட்டுவார். சீட்டு எனக்கு விழுந்தது என்றதும் அவருக்கு வேறு கணக்கு.

"வேலி போடாட்டி வளவு கைவிட்டுப் போயிரும். மகளுக்கு அங்கதான் வீடு கட்டிக் குடுக்கணும். இது வந்த இடம்."

"வந்து இருவது வருஷமாச்சு. இன்னும் வந்த இடமா?"

மூன்று கிழமை இதே சண்டை. ராத்தாவிடம் சொல்லி அழுதேன்.

"ஒரு காசை ரெண்டு இடத்துல வெச்சா ரெண்டு இடத்துலயும் காணாது, புள்ள" என்றார் அவர். "எங்கயாச்சும் ஒரு வேலய முழுசா முடிங்க."

நான் கேட்கவில்லை. சண்டை பிடித்துக் களைத்துப் போயிருந்தேன். தேங்காயில் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று வைத்துப் பழகிய கை. காசையும் சரிபாதியாகப் பிரித்து அவரிடம் ஒரு பங்கைக் கொடுத்தேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

என் பங்கு ஓர் அறைக்குத் தகரம் போடத்தான் போதுமாக இருந்தது. அவர் பங்கு வளவின் இரண்டு பக்கத்துக்கு முள்ளுக்கம்பி அடிக்கத்தான் போதுமாக இருந்தது. மாடுகள் திறந்த பக்கத்தால் தாராளமாக உள்ளே வந்தன. வெளியே போகத்தான் அவற்றுக்குக் கஷ்டமாக இருந்ததாம். இதை அவரே வந்து சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

அந்த மாரியில் மகளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தகரம் போட்ட அறையில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். வெளியே நல்ல மழை. பக்கத்து அறையில் நான் வைத்திருந்த சட்டிகளில் தண்ணீர் சொட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குடுக்கிற வீடு இதுதானா?"

"ஊர்லயும் வளவு இருக்கு. பெரிய வளவு" என்றார் என் கணவர்.

"அங்க வீடு இருக்கா?"

"வேலி போட்டிருக்கு."

அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவேயில்லை. என் கணவர் அதற்குப் பிறகு பல நாள் வளவைப் பற்றிப் பேசவில்லை. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அவள் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் எடுத்த அன்று ஐயாயிரம் ரூபாயை எண்ணி என்னிடம் நீட்டினாள்.

"உம்மா, அடுத்த வீட்டு மாமி புதுச் சீட்டுத் தொடங்குறாவாம். என்ட பேரயும் போடச் சொல்லுங்க."

"நகை எடுக்கவா மகள்?"

"இல்ல. மத்த அறைக்குத் தகரம் போட."

பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். அது எங்கள் கடமை, நீ உன் காசை வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் அவள் பெயரைக் கொடுத்தேன்.