பெயிண்ட் பிடிக்காத பானெட்

போன வாரம் கொல்லிமலையில், ஒரு பெண்மணியிடம் ஊர் முன்னால் கத்தித் தொலைத்தேன்.

என் பொம்மைப் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரயில், லாரி, பஸ் — எதையும் ஒரு சாண் அளவில் செய்துவிடுவேன். அங்கே வளப்பூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். மெயின் ரோடு எட்டாத அந்தக் குக்கிராமத்துக்கு ரோடு கேட்டு, நேரில் வரும் தாசில்தாரிடம் மனு. கூடவே, களிமண் மலைமேல் ஏறும் ஒரு பஸ் மாடல். கண்ணால் பார்த்தால் மனசு இளகாதா?

நான் தங்கியது நல்லம்மா வீட்டில். பிரசவ வலியில் துடித்த மகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, பாதி மலையிலேயே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது. மனு எழுதச் சொன்னவரே நல்லம்மாதான்.

பித்தளைத் துண்டுகளை அரம் போட்டுப் பிசிறு எடுத்தேன். புளித்தண்ணீரில் ஊறவைத்து, சாம்பலால் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்தேன். "இனி யாரும் விரலால தொடக்கூடாது, இடுக்கியாலதான் எடுக்கணும். எண்ணெய்ப் பசை இருந்தா பெயிண்ட் பிடிக்காது!" என்று பிரசங்கம் வேறு. சாயங்காலம் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்தேன்.

மறுநாள் காலை, தாசில்தார் வரும் நேரம். தூசி தட்டலாமென்று துணியால் லேசாகத் துடைத்தேன். ஐயோ... பஸ் மூக்கிலிருக்கும், தீப்பெட்டி அகலமுள்ள பானெட் மூடியில் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது! மறுபடி அடித்தால் காய ஒரு நாள் வேண்டுமே!

முந்தின நாள் நல்லம்மா வாசலில் பலாப்பழம் அறுத்தது சட்டென்று ஞாபகம் வந்தது. பிசின் ஒட்டாமலிருக்கக் கை நிறைய விளக்கெண்ணெய்...

"எண்ணெய்க் கையோட இதைத் தொட்டீங்களா? செத்துப்போன மக பேரைச் சொல்லித்தானே ரோடு கேக்கறீங்க? நீங்களே கெடுத்துட்டீங்களே!"

மனு கொடுக்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"இல்லீங்க சாமி... நான் அந்தப் பக்கமே வரலீங்க" என்றார் நல்லம்மா.

தகட்டை முகத்தருகே கொண்டுபோனேன். உரிந்த இடம் கட்டைவிரல் வடிவத்தில் இருந்தது. நடுவில் சாய்வாக ஒரு கோடு மட்டும் உரியாமல் சிவப்பாக நின்றது. என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன். எப்போதோ அரம் கிழித்த தழும்பு... தகட்டில் வைத்தால் அதே சாய்வு!

பலாச்சுளை ஆசையில் நானும் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு கீற்று அறுத்தேனே! அப்புறம் பெயிண்ட் அடிக்க எடுக்கும்போது இடுக்கியைத் தேடச் சோம்பல்பட்டு, ஒரே ஒரு தடவைதானே என்று... ஆமாம், நான்தான். அந்த அம்மாவிடம் என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

"என் விரல்தாங்க... மன்னிச்சிருங்க" என்றேன். நல்லம்மா தகட்டையும் என்னையும் பார்த்தார்.

டோலியில் வந்திறங்கிய தாசில்தார் முதலில் பார்த்ததே அந்தப் பானெட்டைத்தான். "இதென்ன, இப்படி உரிஞ்சு கெடக்கு?"

நல்லம்மா முன்னால் வந்தார்.

"கைநாட்டுங்க. நாங்கெல்லாம் மனுவுல வெச்சோம். இவரு பஸ்ஸுல வெச்சுட்டாருங்க."