கழித்துப் போட்ட ஆறு வரைவுகள்

என் தங்கை மல்லுக்கட்டி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினாள். வழிகாட்டிப் பேராசிரியர் பாதியில் ஓய்வுபெற்றுவிட, புதியவரிடம் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். ஆவணக் காப்பகத்துக்குள் நுழைய அவள் போட்ட நான்கு விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஐந்தாவதற்கு அனுமதி கிடைத்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் திக்குவாள். இன்று அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் கடைசி வரிசைவரை அவள் குரல் கேட்கிறது. இவ்வளவும் போதாதென்று நான் செய்த ஒரு காரியத்தையும் அவள் தாண்டி வந்தாள்.

அவள் படித்தது சர்வதேச உறவுகள். நான் பத்தாவதோடு நின்றவள். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று ஒரு ஓட்டுநர் கேட்டார். நாடுகளுக்குள் வரும் சண்டையையும் சமாதானத்தையும் பற்றி என்றேன்.

"அப்போ முதல்ல எனக்கும் டைம் கீப்பருக்கும் ஒரு சமாதானம் பேசி வைக்கச் சொல்லுங்கக்கா."

அன்றிலிருந்து பணிமனையில் அவளுக்குத் தூதரம்மா என்று பெயர்.

அவளுடைய ஆய்வு, ஒரே ஆற்றைப் பங்கிடும் இரண்டு நாடுகள் அறுபது வருடத்துக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றியது. முடிவாவதற்குள் அதை ஏழு தடவை எழுதியிருக்கிறார்கள். தண்ணீரை இரு தரப்பும் சேர்ந்து நின்று அளக்க வேண்டும் என்ற விதி மூன்றாம் வரைவுவரை இருந்தது. நான்காவதிலிருந்து காணோம். ஒரு நாடு பிடிவாதம் பிடித்து அதை எடுக்கவைத்தது என்றுதான் எல்லாப் புத்தகமும் சொன்னது. காப்பகத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. ஏழு வரைவுகளையும் பென்சிலால் கையால் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டு மாதம் பிடித்தது.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பில் நான்கு மாதம் மீதி இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒரு கல்லூரி அவளுக்கென்று வைத்திருந்த ஆசிரியர் இடமும் போய்விடும். அந்தச் சமயத்தில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்காக வெளியூர் போனாள். வருவதற்குள் அவள் மேசையை ஒழுங்கு செய்து வைப்போம் என்று நான் உட்கார்ந்தேன்.

எங்கள் கிடங்கில் ஒரு பாகத்துக்குப் புதிய வரைபடம் வந்துவிட்டால் பழையதை அன்றே கழித்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால் மெக்கானிக் தப்பானதைப் பார்த்து மாட்டிவிடுவார். யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி நான்காகக் கிழித்துப் போடுவதும் விதி. ஏழாம் வரைவை மட்டும் அட்டை போட்டுக் கட்டி, சீட்டு ஒட்டி வைத்தேன். மற்ற ஆறையும் கிழித்துப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்தாள். "மத்த ஆறும் எங்கக்கா?"

"பழசுதானே? கழிச்சிட்டேன். புதுசு பத்திரமா இருக்கு, பாரு."

"அந்தப் பழசுதான்கா என் ஆராய்ச்சியே."

காகிதக் கடைக்கு ஓடினேன். காலையிலேயே லாரி ஏறிவிட்டது என்றார்கள். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள்.

"சரி, விடு. பழசைக் கிழிச்சிட்டா, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு உங்க கிடங்குல யாருக்குத் தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்? கழிச்ச தேதியும், யார் கழிச்சாங்கன்னும் ஒரு வரி எழுதி வைப்போம். அவ்வளவுதான்."

"புதுசுல ஏதாவது விட்டுப்போயிருந்தா?"

"விட்டுப்போனதுதான். யாரு பார்க்கப் போறா?"

கழித்த தேதி, கழித்தவர் என்று நான் சொன்ன அந்த ஒரு வரியை அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள். மறுநாள் காப்பகம் திறக்கும் முன்பே அதன் வாசலில் போய் நின்றாள்.

எல்லாவற்றையும் மறுபடி எழுத நேரம் இல்லை. எதையாவது கழித்ததாக யாராவது எழுதி வைத்த வரியைத்தான் தேடினாள். போன தடவை வாசகத்தை மட்டும் எழுதியவள், இந்தத் தடவை ஓரம், பின்பக்கம், கோப்பின் உள்ளட்டை என்று ஒன்றையும் விடவில்லை. பதினேழாம் நாள் நான்காம் வரைவுக் கோப்பின் உள்ளட்டையில் ஒரு குமாஸ்தாவின் குறிப்பு கிடைத்தது: புதிய படி வந்துவிட்டதால் இணைப்புத் தாள் நீக்கப்பட்டது. முதல் மூன்று வரைவுகளிலும் சேர்ந்து அளக்கும் விதி அந்த இணைப்புத் தாளில்தான் இருந்தது. புதிய படியில் அதைச் சேர்க்க மறந்திருக்கிறார்கள். அதை யாரும் சண்டை போட்டு எடுக்கவில்லை. கோப்பை அடுக்கும்போது காணாமல் போயிருக்கிறது. இரண்டு நாடுகளும் அறுபது வருடமாக ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருந்தன.

கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு என்னையும் கூட்டிப்போனாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இத்தனை பேர் அரசியல் காரணம் தேடியிருக்காங்க. ஒரு குமாஸ்தா கழிச்சிருப்பார்னு உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தோணுச்சு?"

தங்கை திக்காமல் சொன்னாள்: "எங்க வீட்டிலேயே ஒருத்தர் இருக்காங்க சார். பின்னாடி உட்கார்ந்திருக்காங்க."

கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் தேர்வாளர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தபோது எல்லாரையும் முந்திக்கொண்டு கை தட்டியது நான்தான்.

அந்த இடத்தைக் கல்லூரி அவளுக்கே கொடுத்தது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில், பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்த்து, அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2017 ஜூன் 19, திங்கட்கிழமை.