நரசிம்மரின் இடுப்புத் துணியை விட்ட கை

நரசிம்மரின் இடுப்புத் துணியை விட்டவன் நான். ஊரார் சொல்வதுபோல் சாமி பறித்துக்கொண்டு போகவில்லை. நான் விட்டேன்.

இதை எழுத இத்தனை வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், விளக்கைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். வைகாசித் திருவிழாவில் இரணிய நாடகம் நடக்கும். நரசிம்மர் முகமூடி எங்களுக்கு வெறும் வேஷச் சாமான் இல்லை. பெருமாள் கோயிலில் வைத்து வருடம் முழுக்கப் பூசை செய்வது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அதைக் கட்டியவர் தூணைப் பிளந்து வெளியே வருவார். வந்தவர் தன் வசத்தில் இருக்கமாட்டார். இரணியனை நிஜமாகவே கிழித்துவிடுவார் என்றுதான், அவர் இடுப்பில் நீளத் துணி கட்டி, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கப் பலசாலி ஒருவனை நிறுத்துவது. பிடிக்கிறவனும் காப்புக் கட்டிய நாளிலிருந்து கவுச்சி தொடக்கூடாது.

அந்த வருடம் துணி என் கையில்.

இரணியன், அரும்பாவூர்க்காரர் கோதண்டம். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். உங்களில் வயதானவர்கள் அவரைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் அடியாட்களில் உயரமானவர். அந்த வருடம்தான் முதல் தடவையாக வில்லன் வேஷமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் எங்கள் மேடையை விடாமல் வந்துவிட்டார். மைக் இல்லாமல் அவர் ஒரு அதட்டல் போட்டால், ஏரிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும்.

அரிதாரம் பூசிக்கொண்டே என்னைக் கேலி செய்தார். "தம்பி, கொம்பு மாட்ட புடிக்கிற மாதிரி நல்லா இறுக்கிப் புடிடா. மெட்ராஸ்ல எனக்கு வேலை கெடக்கு. உசுரோட அனுப்பி வை."

"எருமையவே ஒத்தக் கையில நிறுத்துறவன்ணே நான்" என்றேன்.

அப்போது என் வயிற்றில் பிரியாணி இருந்தது...

அன்று மதியம் லப்பைக்குடிக்காட்டில் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். அவன் என் காப்பைப் பார்த்துவிட்டு, "வெரதம்னா வேணாம்டா, ஒனக்கு ரசஞ்சோறு தனியா வச்சிருக்கு" என்றுதான் சொன்னான். நான்தான் காப்பை முழுக்கைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தூண் பிளந்தது. நரசிம்மர் பாய்ந்தார், இழுத்து நிறுத்தினேன். மறுபடி பாய்ந்தார், நிறுத்தினேன். அப்போது அந்த முகம் திரும்பி என்னைப் பார்த்தது.

உள்ளே இருப்பவர் எங்கள் தெருக்காரர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண் என் வயிற்றைப் பார்த்தது. சாமிக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். கை தானாக விரிந்தது.

தானாகவா? இல்லை. என்னை விட்டுவிட்டு அங்கே போ... அப்படி நினைத்துத்தான் விரித்தேன்.

தகர நகம் கோதண்டத்தின் தொண்டையில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். குரல் போனது போனதுதான்.

"என்னடா ஆச்சு?" என்று ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"புடிக்க முடியலைங்க. சாமி பலங்க அது" என்றேன். நின்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். என்ன துணிச்சல் எனக்கு...

கோதண்டம் சினிமாவுக்குத் திரும்பவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே ஊரார் அவருக்கு இடம் கொடுத்தார்கள். சாமி தொட்ட ஆள் என்று பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் கையால் துளசி வாங்கிப் போகிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். என் பொய் இப்போது வழக்கமாகிவிட்டது. சாமி நினைத்தால் யார் பிடித்தும் நிற்காது என்று, துணியை ஒப்புக்குத்தான் பிடிக்கிறார்கள். ஒரு வருடம் இரணியனுக்குத் தோள் கிழிந்தது. அவர் அந்தத் தழும்பைக் காட்டச் சட்டையில்லாமல் திரிகிறார்.

இந்த வருடம் இரணியன் என் மருமகன்.

"மாமா, அந்த நேரத்துல துணி புடிக்கிறவன விட்டுடச் சொல்லியிருக்கேன். சாமி கை பட்டா நம்ம வூட்டுக்கு நல்லதுதானே?" சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். என் மகள் சிரித்தபடி ரசம் ஊற்றினாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

கோதண்டத்திடம் போனேன். "அண்ணே, அன்னைக்கி நான்தான்..."

கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் பேசுவது, குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். "தெரியும்டா. எதுத்தாப்புல நின்னவன் நான். ஒன் கை விரிஞ்சதப் பாத்தேன்."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நான் யாருடா? தொண்ட போன கூத்தாடி. இப்ப சாமி தொட்டவன். அதையும் புடுங்கிட்டுப் போயிடாத."

"எம் மருமவன்ணே..."

ஒரு துளசியைக் கிள்ளி என் கையில் வைத்தார்.

நேரே கோயில் கமிட்டிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. துணியை நானே பிடிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ராசியான கைங்க. நீங்க புடிச்சாதான் சாமி எறங்கும்" என்றார். மருமகன் என் காலில் விழுந்து எழுந்தார். நான் விடுவேன் என்று நம்பி விழுந்தார்...

காப்புக் கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை பச்சைத் தண்ணீரைக்கூடப் பெருமாளைக் கேட்டுத்தான் குடிக்கிறேன். ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே என் விரல்கள் மரத்துப்போகின்றன. எருமையை நிறுத்திய கை இல்லை இது. அந்த முகம் மறுபடி திரும்பிப் பார்த்தால் என்ன செய்வேன்? வயிறு சுத்தமாக இருக்கிறது. மனசு?

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மெருகு ஏற்றாதீர்கள். சாமிதான் அவனை விடவைத்தார் என்று ஒரு வார்த்தை கூடினாலும், எங்கோ ஒருவன் துணியைத் தளர்த்துவான். விட்டது பயந்தவன் ஒருவனின் கை. அதை அப்படியே சொல்லுங்கள்.