வெங்கச்சாங்கல் தடத்துக்கு ஒரு டயர்

சைக்கிள் டயரைப் பற்றி என்னிடம் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. கர்வம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எழுபதுகளின் கடைசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. ஊசியும், விந்தைக் குளிராக வைக்க ஐஸ் போட்ட பிளாஸ்க்கும் சர்க்கார் கொடுத்தது. சைக்கிள் என்னுடையது, அதில் கிழிகிற டயரும் என்னுடையது.

சினை ஊசி சமாசாரம் இதுதான். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் அன்றைக்கே, வெயில் இறங்குவதற்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மாட்டுக்கு என் டயரைப் பற்றி என்ன தெரியும்? அது பாட்டுக்குக் கத்திவிட்டு அடங்கிவிடும்.

அடிவாரத்தில் ஓர் அம்மா இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். வந்தால் பொங்கலுக்கு வருவார். இரண்டு பிள்ளைகள், ஒரு சீமைக் கலப்பு மாடு. அவருடைய அம்மா வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிக்கொண்டு வந்தது. அதன் பால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியக் காரணம். பால் வற்றி மாதக் கணக்காகியும் சினை நிற்கவில்லை. மலட்டு மாடு என்று முடிவு கட்டிவிட்டு, கேரளா வியாபாரிக்குச் சந்தையில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரரின் அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தோட்டத்துக்கு மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் வண்டித்தடம். தடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ஓர் ஓடை இறக்கம் வரும். அங்கே வெங்கச்சாங்கல் பூமிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சில்லு கெட்டது போங்கள், அப்படி ஒரு கூர்.

முதல் தடவை மாடு கத்தியபோது அந்த இறக்கத்தில் என் பழைய டயர் கிழிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரப் பொழுது இறங்கிவிட்டது. ஊசி போட்டேன். நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு சங்ககிரிக்குப் போனேன். என் மனைவியின் தம்பி அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லாரிக்குப் பேர்போன அந்த ஊரில் பிறந்தவனிடம் தலைவலி என்று சொன்னால்கூட டீசலைப் பற்றித்தான் பேசுவான். என் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஏனுங்க மச்சான், கல்லு ரோட்டுக்கு இந்த அப்பளத்தையா போட்டுக்கிட்டுப் போறீங்க? பட்டை கனமா இருக்கோணும். காத்து கல்லாட்டம் இருக்கோணும். பத்து டன் லோடு எப்பிடிங்க மலையேறுது?”

நானும் தலையை ஆட்டினேன். அதுதான் என் புத்தி. மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்குப் போடும் தடித்த டயர் ஒன்றை அவனே வாங்கி, உள்ளே வேறொரு கழித்துப்போட்ட டயரை நீளமாக அறுத்துப் படுக்க வைத்து, லாரிக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸரிலேயே அடித்துக் கொடுத்தான். தட்டிப் பார்த்தால் டங்கென்று சத்தம் வந்தது. “இனி உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வரைக்கும் பஞ்சர் இல்லீங்க மச்சான்,” என்றான்.

மூன்று வாரம் கழித்து மாடு மறுபடி கத்தியது. அதே இறக்கம். டமார். வெடித்த சத்தத்தில் ஓடைக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. ரிம்மும் கோணிக்கொண்டு சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது. ஒரு தோளில் சைக்கிள், ஒரு கையில் பெட்டி. வழியெல்லாம் என் மைத்துனனை, அவன் லாரியை, சங்ககிரி மலையைக்கூட விடாமல் கரித்துக் கொட்டிக்கொண்டே போனேன். போய்ச் சேரும்போது மாடு படுத்து நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கத்தல் ஓய்ந்து வெகு நேரமாகியிருந்தது. கடமைக்கு ஒரு ஊசி போட்டேன்.

அந்தம்மா ஒன்றும் கடிந்து பேசவில்லை. “எங்கீங்க டாக்டரே வெடிச்சுது?” என்று மட்டும் கேட்டார். ஓடை இறக்கம் என்றேன். கல்லை ஒரு பாட்டம் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இன்னொருக்கா தவறுச்சுன்னா எங்க வீட்டுக்காரரோட அண்ணன் ஓட்டிக்கிட்டுப் போயிருவாருங்க. அடுத்த சந்தைக்கே.”

வீட்டுக்குத் திரும்பினேன். கோபம் கல்லின் மேலா, மைத்துனன் மேலா, என் மேலா என்று தெரியாத கோபம். அன்றைக்குத்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். செத்துப்போன இரண்டு டயரையும் முற்றத்தில் போட்டுக் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். இரண்டிலும் தரையில் படுகிற பட்டை அப்படியே இருந்தது. கிழிந்ததெல்லாம் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே. கல் அடியில் குத்தவில்லை, விலாவில்தான் சீவியிருக்கிறது! அப்புறம் பட்டை எத்தனை கனமாக இருந்து என்ன? விறைத்துக் கிடந்த டயர் கல்லின் மேல் ஏற முடியாமல் வழுக்கி, விலாவைக் காட்டியிருக்கிறது. லாரிக்குப் பத்து டன் இருக்கிறது, கல்லையே அமுக்கிவிடும். என் எடை ஐம்பத்தைந்து கிலோ.

அடுத்த சனிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் ஒரு பாய் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். மத்தியானம் வரைக்கும் அவர் உயிரை எடுத்தேன். ஒவ்வொரு டயரையும் விலாவில் கிள்ளினேன். மடக்கிப் பார்த்தேன், மடக்கிய இடத்தில் முடி போல வெடிப்பு தெரிந்தால் பழைய சரக்கு, தள்ளிவை. உள்ளே புரட்டிக் கேன்வாஸ் துணி எத்தனை சுற்று என்று பார்த்தேன்.

“சார், டயர் வாங்குறீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்றார் பாய்.

“பொண்ணு பாக்கறதுக்கு இவ்வளவு யோசிக்கல பாய்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே பரணில் ஏறி ஒன்றை எடுத்துப் போட்டார். பட்டை நடுத்தரம்தான், விலாவில் மட்டும் இரட்டைத் துணி. தொட்டால் ரப்பர் மெத்தென்று இருந்தது. “மிதிக்கக் கொஞ்சம் கனமா இருக்கும் சார். டவுன்காரங்க யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார். அதையே ஒரு ஜோடி வாங்கினேன். காற்றும் நானே அடித்தேன், கைப் பம்பில். கட்டைவிரலால் அழுத்தினால் முன்சக்கரம் சற்று அமுங்க வேண்டும், பின்சக்கரம் அதைவிடக் குறைவாக. அதுதான் கணக்கு. இன்றைக்கும் அதுதான் கணக்கு.

மூன்றாவது தடவை காலை பஸ் கண்டக்டர் வாசலில் நின்று கத்தினார்: “டாக்டரே, அடிவாரத்து அம்மா ரோட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க! மாடு கத்துதாம்!” ஐஸ் வந்து சேரப் பதினொரு மணி ஆயிற்று. பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். ஓடை இறக்கத்தில் முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன் பாருங்கள், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு குத்தல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை. “அடி சக்கை!” என்று வாய்விட்டுக் கத்தினேன். ஒரு மணிக்கெல்லாம் தோட்டத்தில் நின்றேன். பிளாஸ்க்கில் ஐஸ் குலுங்கியது. மாடு கட்டுத்தறியைப் பிய்த்துக்கொண்டு கத்தியது.

ஊசி போட்டு முடித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பாத்தீங்களாம்மா டயர? இதுதான் டயரு! அந்த எறக்கம் எனக்குத் தெரியவே இல்லீங்க. சும்மா ரோட்டுல வர்ற மாதிரி வந்தேன்,” என்று விலாவைக் கிள்ளிக் காட்டி, இரட்டைத் துணி, காற்றுக் கணக்கு எல்லாம் விளக்கினேன். அந்தம்மா தலையாட்டிக்கொண்டே கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். சொம்பை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி ஊற்றினார். அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கீறிக் கிழிந்து, விரல் நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கட்டைவிரலில் சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தார்.

“கைக்கு என்னங்கம்மா?”

“பஸ்ஸுக்காரருகிட்டச் சொல்லீட்டுத் திரும்பி வாரப்ப, அப்பிடியே ரெண்டு கல்லப் பொறுக்கிப் போட்டனுங்க,” என்றார்.

திரும்பும்போது ஓடையில் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தேன். இறக்கம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், தடத்தின் இரண்டு பக்கமும் வெங்கச்சாங்கல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. நீட்டிக்கொண்டிருந்த கல்லையெல்லாம் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து, குழிக்கு ஓடை மண்ணை அள்ளிப் போட்டிருந்தார். நான் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே அதற்குள் வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்துப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். “சினைங்க,” என்றேன். அந்தம்மா மாட்டின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் நிமிரவே இல்லை. வீட்டுக்காரரின் அண்ணனும் அங்கே நின்றார்.

“ரெண்டு தடவ தவற உட்டுட்டு இந்தத் தடவ மட்டும் எப்பிடிங்க நேரத்துக்கு வந்தீங்க?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார். “டாக்டரு நல்ல டயராப் பாத்துப் போட்டிருக்கறாருங்க, மாமா.”

“டயர் கெடக்குதுங்க,” என்றேன். “நீங்க அந்த ஓடை எறக்கத்துக்குப் போயிப் பாருங்க.”