‘பார்ல நிக்கேன்’ என்று ஒரு மெசேஜ்

போன ஆனி மாதம், தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெருவில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அதுவரை கடலை வேடிக்கை பார்க்க மட்டுமே வந்திருந்தவள், மீன்பிடிக்கிற ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அப்போது நான் புதுப்பெண்.

அந்த வாரம் தெரு முழுக்க ஒரே பேச்சு. நாம் எங்கே போகிறோம், என்ன பேசுகிறோம் என்பதையெல்லாம் செல்போன் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. ஒருவர் போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினார். எதிர்வீட்டு அக்கா, மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை; உள்ளுக்குள் கொஞ்சம் பயமும்தான். என் கணவரோ லொகேஷனையே அணைத்துவிட்டார். "நான் மீன் பிடிக்கிற எடம் எவனுக்கும் தெரியக்கூடாதுளா" என்றார். முக்கியமாக அந்த அக்காவின் வீட்டுக்காரரான எதிர்வீட்டு அண்ணனுக்கு. ஏலக்கூடத்தில் யார் மீன் பெரிது என்று இருவருக்கும் தினமும் போட்டி.

மறுநாள் விடியலில் சின்னப் படகில் தனியாகத் தூண்டில் போடப் போனவர், மதியமாகியும் வரவில்லை. ஒரே ஒரு மெசேஜ்தான் வந்தது: "பார்ல நிக்கேன். வர முடியல. ஆள் அனுப்பு." திருப்பிக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பட்டப்பகலில் குடித்துவிட்டு, தூக்கிவர ஆள் வேறு வேண்டுமாமே! பாட்டிலில் ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று எழுதியிருப்பது என் வீட்டைப் பார்த்துத்தானா? அழுதுகொண்டே எதிர்வீட்டுக்குப் போய், "அக்கா, ஒங்க தம்பி பண்ணியிருக்க காரியத்தப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

படித்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஏளா, இது குடிக்கிற பார் இல்ல. கடலுக்குள்ள மீன் மேயுற பாறைத்திட்டு. இங்கன அதத்தான் பாருன்னு சொல்லுவோம். படகுக்கு என்னமோ ஆயிருக்கு!"

வெளியே கச்சான் காற்று தெருப் புழுதியை வாரிக் கடல் பக்கம் இறைத்துக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு அறுந்தால் அந்த மேல்காற்று படகை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். கடலுக்குள் பார்கள் எத்தனையோ. இவர் எதில் நிற்கிறார் என்று யாரைக் கேட்பேன்? லொகேஷனும் இல்லை.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து வந்தார். "அவன் பார் எனக்குத் தெரியும். அழாதளா, கூட்டிட்டு வாரேன்" என்றவர், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் படகுக்கு ஓடினார்.

சாயங்காலம், எஞ்சின் பழுதான எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். கரையில் இறங்கிய என் கணவரைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அந்த மனிதரோ நன்றி சொல்வதற்கு முன்னால், "அண்ணே, என் பார் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்!

"ஏலே, நீ கொண்டார மீனப் பாத்தா தெரியாதா? தெருவுக்கே தெரியும்."

"பெறவு ஏன் ஒருத்தரும் அங்கன வரல?"

"அது ஒன் பாருதானலே" என்று சொல்லிவிட்டு அண்ணன் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் போனில் லொகேஷனைத் திரும்பப் போட்டு இரண்டே பேருக்கு அனுப்பினார். ஒன்று எனக்கு, மற்றது எதிர்வீட்டு அண்ணனுக்கு.

செல்போன் உளவு பார்க்கிறது என்று செய்தி வந்தால் இன்றும் எனக்குப் பயம்தான். ஆனால் நம் ரகசியம் தெரிந்தும் அதைத் தொடாமல் விட்டுவைத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறவர்களும் எதிர்வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால், அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.