என் குதிகாலைப் பார்த்து ஓடியவள்

பின்னால் ஒருத்தி மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஓடிப் பாருங்கள், அந்த நாட்களில் நான் ஏன் எல்லாரிடமும் சிடுசிடுத்தேன் என்று புரியும். உப்பளம் மைதானத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் அவளிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தார். "நீ எதையும் யோசிக்காத. அக்கா குதிகாலையே பாத்துக்கினு ஓடு. அது எங்க போவுதோ அங்க போ." நெடுந்தூரம் ஓடுகிறவர்களைப் பழக்குவதில் இப்படி ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவளை எதிர்காற்று அவ்வளவாக அடிக்காது, வேகத்தைப் பற்றியும் அவள் கவலைப்பட வேண்டாம். அந்தக் கவலை முழுவதும் முன்னால் ஓடுகிறவளுக்கு. முன்னால் ஓடுகிறவள் நான்.

அவள் வீராம்பட்டினத்துப் பெண். வீட்டில் மீன் வியாபாரம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நான் நின்றால் நிற்பாள், நான் தண்ணீர் குடித்தால் குடிப்பாள், நான் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தால் அவளும் குனிவாள். "பாத்ரூம் போறேன், அங்கயும் வரியா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சிரித்தாளே தவிர கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, கல்லூரியில் பல்கலைக்கழக அணிக்குப் போய், கல்யாணமாகி, குழந்தை பெற்று, மறுபடியும் மைதானத்துக்கு வந்தவள். கதிர்காமம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. விடியற்காலையில், வண்டிகளை அனுமதிப்பதற்கு முன்பு, பீச் ரோட்டில் ஓடிவிட்டு வந்து டியூட்டிக்குக் கிளம்புவேன். வாக்கிங் வரும் பெண்கள், "புள்ள பெத்த ஒடம்பு, பாத்து ஓடும்மா" என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடி "அல்லே! அல்லே!" என்று பிரெஞ்சில் 'ஓடு, ஓடு' சொல்லிக் கையை ஆட்டுவார். எனக்குக் கிடைத்த ஒரே ஊக்கம் அதுதான்.

திரும்பி வந்த பிறகு இரண்டு முறை அணித் தேர்வில் தோற்றிருந்தேன். கிராஸ் கன்ட்ரி தேசியப் போட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து பெண்களில் முதல் நான்கு பேரை அனுப்புவார்கள். மூன்றாவது முறை பெயர் கொடுத்தபோது என் கணவர் சண்டை போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "இந்த வாட்டியும் ஆவலன்னா?" "விட்டுடறேன்" என்றேன். "வாக்கா?" என்றார். "வாக்கு" என்றேன். போட்டி நாள் வரைக்கும் அந்த ஒரு சொல் என்னை விடவே இல்லை.

நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பும் மணலும் சேறும் கலந்த இடத்தில் தேர்வுப் போட்டி. ஒரே தடத்தில் இரண்டு சுற்று. சிவப்புக் கொடி வந்தால் இடப்பக்கம், வெள்ளைக் கொடி வந்தால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதலில் ஓடுகிறவளுக்கு வழி காட்ட ஒரு பைக் போகும்.

முதல் சுற்றில் நான் கூட்டத்துக்குள்தான் ஓடினேன். கண்ணில் பட்டதெல்லாம் முன்னால் போகிறவர்களின் முதுகுகள். இரண்டாவது சுற்று தொடங்கியதும் உடம்பு லேசாக இருப்பது தெரிந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்று வேகத்தைக் கூட்டினேன். ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். கடைசியில் எனக்கு முன்னால் பைக் மட்டும், எனக்குப் பின்னால் அந்தப் பழகிய மூச்சு மட்டும். முதலிடத்தில் ஓடுகிறேன் என்ற நினைப்பே பயமாக இருந்தது. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கக்கூடத் துணிவில்லை. பைக்கின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

முதல் சுற்றில் மணலில் சக்கரம் புதைந்து பைக்காரர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. இந்தச் சுற்றில் அவர் புத்திசாலித்தனமாகத் தோப்பை ஒட்டிய கெட்டி மண் பாதையில் வண்டியை விட்டார். சுற்றிக்கொண்டு போய் மறுபடி எங்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நான் அவர் பின்னாலேயே போனேன். என் குதிகாலைப் பார்த்து அவளும் வந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் காலுக்கடியில் மணல் இல்லை என்று உறைத்தது. சட்டென்று நின்று திரும்பினேன். சவுக்கு மரங்களுக்கு அப்பால், நாங்கள் விட்டுவிட்டு வந்த சிவப்புக் கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கொடியைச் சுற்றாமல் வந்தால் முதலில் வந்தாலும் கணக்கில்லை.

"அக்கா, இன்னாக்கா?"

"கொடிய விட்டுட்டோம். திரும்பு! ஓடு!"

திரும்பியதும் எல்லாம் தலைகீழானது. பின்னால் இருந்தவள் முன்னால் போய்விட்டாள். நாங்கள் கொடியை அடைவதற்குள் மூன்று பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு மணலில் தூரமாகப் போய்விட்டார்கள். பைக்காரரை நான் மனசுக்குள் திட்டிய வார்த்தைகளை அச்சில் போட முடியாது. அழுகையும் வந்தது. அழுதால் மூச்சு போய்விடும் என்று பல்லைக் கடித்தேன்.

இருந்தது நான்காவது இடம் ஒன்றுதான். அதற்கு நாங்கள் இரண்டு பேர்.

இப்போது அவள் குதிகால் என் கண் முன்னால். முதல் முறையாகப் பார்க்கிறேன். எவ்வளவு லேசாக மணலைத் தொட்டுவிட்டுப் போகிறது! இத்தனை நாளும் இவள் என் பின்னால் திணறிக்கொண்டு வருகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஆனால் முன்னால் யாரும் இல்லாமல் அவளுக்கு ஓட வரவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் அவள் வேகம் குறைந்தது. நான் நெருங்கினேன். சேற்றைத் தாண்டும்போது இன்னும் நெருங்கினேன். முடிவிடத்தில் இரண்டு பக்கமும் கட்டிய கயிறு தெரிந்தபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்தான். பிடித்துவிடலாம் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது அவள் ஒதுங்கினாள். கல்யாண வீட்டில் பெரியவர்களுக்கு வழி விடுகிற மாதிரி, காலைத் தளர்த்தி, ஓரமாக நகர்ந்து, "நீங்க போங்கக்கா" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "பிச்சை போடறியாடி எனக்கு? ஓடுடி! நின்ன, கொன்னுடுவேன்!"

அந்த ஒரு கத்தலில் என்னிடம் மிச்சமிருந்த மூச்சு முழுவதும் போய்விட்டது. அவள் மிரண்டு போய்ப் பாய்ந்தாள். அப்படியொரு வேகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. அவள் நான்காவது. நான் ஐந்தாவது.

என் வாழ்க்கையில் கட்டின புருஷன் கேட்டதில்லை, பெற்ற பிள்ளை கேட்டதில்லை, என் பேச்சை அச்சுப் பிசகாமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அதுவும் அன்றைக்குப் பார்த்து.

சார் வந்து முதுகில் தட்டி, "பெரிய மனசும்மா உனக்கு" என்றார். கூட இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். பெரிய மனசாவது ஒன்றாவது! வாயை மூடிக்கொண்டு ஓடியிருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன். அவள் தூரத்தில் நின்று என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கிட்டே வரப் பயம். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

கணவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அவதான் வழி உட்டாளே. போயிருக்க வேண்டியதுதான?"

"உட்டா போவணுமா?"

"செரி. வாக்கு குடுத்திருக்க. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப நிறுத்திடுவ."

நிறுத்துவதா? அவள் இன்னும் ஒரு தடவைகூட என்னோடு நிஜமாக ஓடவில்லையே. பின்னால் வந்தாள், ஒதுங்கி நின்றாள், பயந்து ஓடினாள். நானும் அவளை ஒரு தடவைகூடத் தாண்டிப் பார்க்கவில்லை.

"நிறுத்தல" என்றேன்.

"இன்னா?"

"செலக்ஷன் ஆவலன்னா நிறுத்தறேன்னு சொன்னேன். வாக்கு தப்பிட்டேன்னே வெச்சிக்கோங்க. நான் நிறுத்தப் போறதில்ல. அவ எனக்கு உட்டுக் குடுக்காம ஓடணும். நான் அவள தாண்டணும். அதுக்கு அப்புறம் பாக்கலாம்."

முருங்கப்பாக்கம் தாண்டியது. முதலியார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. இறங்கி நடந்தே போ என்று சொன்னாலும் சொல்வார் என்று சீட்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு எத்தினி மணிக்குப் போவ?" என்றார்.

"அஞ்சுக்கு."

பச்சை விழுந்தது.

"புள்ள டப்பாக்கு இன்னா கட்டணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."